லாசா கோஸ்திச் நாடகங்கள் எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. செர்பியக் கவிஞர் லாசா கோஸ்திச் (1841–1910) பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் பேசப்போகிறேன். கவிதைக்குச் சிக்கல் இல்லை. 1909இல் வந்த ‘சாந்தா மரியா தெல்லா சலூத்தே’ கையில் இருக்கிறது. அவர் காதலித்த, அவரைவிட 29 வயது இளையவளான லென்கா 1895இல் இறந்துபோனாள். அந்தத் துக்கம்தான் கவிதை. ஆனால் ஆரம்பமே அதே பெயருள்ள வெனிஸ் தேவாலயத்து மாதாவிடம் மன்னிப்பு! கோவில் கட்ட எங்கள் மலைப் பைன் மரங்களை வெட்டினார்களே என்று முன்பு புலம்பியதற்காக. அபாரமான மனுஷன்.

நாடகங்கள்தான் அகப்படவில்லை. நாட்டார் காவியத்திலிருந்து எழுதிய ‘மாக்ஸிம் ட்ஸர்னொயெவிச்’ ஆங்கிலத்திலோ தமிழிலோ உண்டா? சுருக்கமாக இருந்தாலும் சரி. அப்புறம், ரோமியோ ஜூலியட்டை அவர் செர்பியனில் மொழிபெயர்த்தது பற்றிய கட்டுரை ஏதாவது இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.