கரடி டப்பாவுக்குள் ஒரு வாரச் சாப்பாடு: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். ஆகஸ்டில் நானும் தம்பியும் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், டுவாலமி மெடோஸ் என்ற மேட்டுப் புல்வெளியிலிருந்து கீழே பள்ளத்தாக்கு வரை முதுகுப்பையோடு நடக்கப் போகிறோம், சுற்று வழியில், ஒரு வாரம்.

அங்கே காட்டில் இரவு தங்குபவர்கள் சாப்பாட்டைக் கரடியால் திறக்க முடியாத டப்பாவில்தான் வைக்க வேண்டும். மரத்தில் கட்டித் தொங்கவிட அனுமதி இல்லை. பற்பசை, சன்ஸ்கிரீன், குப்பை என்று வாசனை உள்ள எல்லாமே அதற்குள் போக வேண்டும். சிக்கலே இதுதான். அவல், பருப்புப்பொடி, புளியோதரைப் பொடி, கடலை மிட்டாய் என்று அடுக்கிப் பார்த்தால் பாதிச் சாமான் வெளியே நிற்கிறது. இடத்தை அடைக்காமல் வயிற்றை நிரப்ப நீங்கள் என்ன கொண்டு போனீர்கள்?

அப்புறம் இன்னொன்று. கலிபோர்னியாவில் இப்போது கருங்கரடி மட்டும்தான், கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடி இல்லை. சரி, கொஞ்சம் நிம்மதி. ஆனால் யோசெமிட்டியில் கரடி ஸ்பிரேக்கு (கரடியை விரட்ட அடிக்கும் மிளகாய்க் காரத் தெளிப்பான்) தடை. முகாமுக்குள் கரடி வந்தால் எல்லோரும் சேர்ந்து நின்று சத்தம் போட்டு விரட்டச் சொல்கிறார்கள். இரண்டே பேர் போட்டால் போகுமா? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தாளிக்கவே கூடாது என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன், அவன் கேட்பதாக இல்லை. கூடாரத்திலிருந்து எவ்வளவு தள்ளிச் சமைத்தீர்கள்?