நகத்தில் வழுக்கிய உளி: துப்பாக்கிச் சித்திர வேலை அனுபவங்கள்

பென்சில்வேனியாவில் ஆலன்டவுன் பக்கம் குடிவந்து ஒன்பது வருடமாகிறது. இந்த ஊர்க்காரர்களோடு அரை மணி நேரம் பேசினால் எப்படியாவது லாங்ரைஃபிளில் வந்து நிற்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசும் குடியேறிகள் இங்குள்ள லங்காஸ்டர், பெத்லகேம் வட்டாரங்களில் செய்த வேட்டைத் துப்பாக்கி அது. நீளம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், கட்டை மேப்பிள், மற்ற சாமான்கள் பெரும்பாலும் பித்தளை. குண்டைச் சுற்றிப் போடும் எண்ணெய்த் துணியை வைக்கப் பின்கட்டையில் ஒரு சின்னப் பெட்டி குடைந்து மூடி போட்டிருப்பார்கள். அதற்குப் பேட்ச் பாக்ஸ் என்று பெயர். லங்காஸ்டர்காரர்கள் அந்த மூடியின் தலைப்பில் டெய்சிப் பூ வைப்பார்கள். பூவின் இதழ்களில் ஓடும் கோடுகளைப் பார்த்துத்தான் உலோகத்தில் உளியால் சித்திரம் செதுக்கும் இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது.

எல்லாரையும் போல முதலில் சாமான் வாங்கினேன். ஒன்பது உளி கொண்ட ஒரு செட்டு: சதுரம், தட்டை, வட்டம், கத்தி முனை என்று என்னென்னவோ. மூன்று மாதம் பித்தளைத் தகட்டில் கோடு போட்டேன். நேர்கோடு ஓரளவு வரும். வளைவு வந்ததும் உளி எகிறித் தகட்டின் அந்தக் கோடி வரை ஒரு கீறல் கீறிவிட்டுத்தான் நிற்கும். இடது கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. கை நடுங்குகிறது, இது நமக்கு வராது என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்புறம் ஒரு ஜூலை மாதம், கைவினைத் துப்பாக்கிக்காரர்கள் கூடும் சந்தை ஒன்றுக்குப் போனேன். மரத்தடியில் மேசை போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். என் தகட்டை நீட்டி, கோடு ஏன் இப்படி ஓடுகிறது என்று கேட்டேன். அவர் தகட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உளியைக் கொடு" என்றார். வாங்கி, முனையைத் தன் கட்டைவிரல் நகத்தில் சாய்த்து வைத்து லேசாகத் தள்ளினார். வழுக்கிக்கொண்டு போனது. தன்னுடைய உளியை என் நகத்தில் வைத்தார். அது தள்ளுவதற்கு முன்பே பிடித்துக்கொண்டது. என் உளியை லென்ஸின் கீழ் வைத்துக் காட்டினார். முனையில் ஊசிப்பொட்டு அளவு வெள்ளையாக மினுங்கியது. கூரான முனை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது. மினுங்கினால் மொட்டை என்று அர்த்தம். மூன்று மாதமாக நான் மொட்டை உளியோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

அதோடு விடவில்லை. உளியைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். சதுர உளியில் ஒரு மூலை கீழ்நோக்கி இருக்கும், அதுதான் பித்தளைக்குள் போகிற மூலை. முனைக்குச் சற்றுப் பின்னால், அந்த மூலையின் இரு பக்கமும் பொடியாக இரண்டு பட்டை தீட்ட வேண்டும். இங்கே அதை ஹீல் என்கிறார்கள், நான் குதிகால் என்றே சொல்லிக்கொள்கிறேன். குதிகால் இல்லாவிட்டால் உளியைத் தகட்டோடு படுக்க வைத்துத்தான் தள்ள வேண்டும். கை தகட்டில் இடிக்கும், முனை உள்ளே இறங்கிக்கொண்டே போகும். என் உளியில் குதிகால் இருந்தது, ஆனால் இரண்டு மில்லிமீட்டர் நீளம்! வளைவில் திரும்பும்போது அந்த வால் வெட்டின் வெளிக்கரையில் உரசும், கரை பிசிறு கட்டும், உளி நெம்பி வெளியே வந்துவிடும். அவருடையது அரை மில்லிமீட்டர்கூட இல்லை.

அவரே என் உளியைத் தீட்டினார். முகத்தை, அதாவது முனையில் சாய்வாக வெட்டிய பரப்பை, 45 பாகையில் வைரத்தூள் பதித்த தட்டில் இரண்டு இழுப்பு, குதிகாலை 15 பாகையில் ஆர்க்கன்சா என்ற நைஸ் தீட்டுக்கல்லில் பக்கத்துக்கு மூன்றே இழுப்பு. மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சாண்ட்விச் சாப்பிடத் தொடங்கிவிட்டார். அன்று மாலை வீட்டில் போட்ட முதல் வளைவில், பித்தளை ஒரே சுருளாக எழுந்து வந்தது.

இங்கே கைவேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால் உங்கள் கதையையும் எழுதுங்கள்.

*

அண்ணா, நான் கோயம்புத்தூர். துப்பாக்கியைத் தொட்டதே இல்லை, நகையில் செதுக்கு வேலை. எங்கள் அப்பா கும்பகோணத்தில் பட்டறை வைத்திருந்தவர். நகத்தில் வைத்துப் பார்ப்பதைப் படித்ததும் சிரித்துவிட்டேன், அப்பாவும் அப்படியேதான் பார்ப்பார்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தீட்டினால் மட்டும் போதாது, குதிகாலை மெருகேற்ற வேண்டும். கல்லின் கீறல் அதில் இருந்தால் அதே கீறல் வெட்டின் உள்சுவரில் பதியும், கோடு மங்கலாகத் தெரியும். அப்பா தோல் பட்டையில் மெருகுப்பொடி தடவி நாலு இழுப்பு இழுப்பார். நான் செராமிக் தட்டில் அரை மைக்ரான் வைரப் பசை போடுகிறேன். அப்புறம் பாருங்கள், வெட்டு கண்ணாடி மாதிரி பளிச்சிடும்.

தகட்டை எதில் பிடிக்கிறீர்கள்? நாங்கள் அரக்குக் கட்டைதான். சூடுகாட்டி, இளகியதும் அழுத்தி, ஆறவிட்டால் அசையாது. கிளாம்ப் போட்டால் மெல்லிய தகடு நடுவில் துள்ளும், அந்தத் துள்ளலிலேயே முனை உடையும்.

*

நான் இந்தியானாவில் இருக்கிறேன். என் கதை உருக்கு.

பித்தளை கைக்கு வந்துவிட்ட தைரியத்தில் லாக் பிளேட்டில் கை வைத்தேன். சிக்கிமுக்கிக் கல்லைப் பிடிக்கும் சுத்தியும் விசையும் அமர்ந்திருக்கும் பக்கவாட்டு இரும்புத் தகடு அது. ஒரு கடையில் தயாராக வாங்கியது, கேட்டதற்கு "மிருதுவாகத்தான் இருக்கும்" என்றார்கள். முதல் தள்ளில் முனை போனது. தீட்டினேன், மறுபடியும் போனது. ஒரே மாலையில் பதினோரு தடவை தீட்டினேன் சார், மனைவி வந்து எண்ணிச் சொன்னார். கடைசியில் ஒரு பழைய அரத்தை எடுத்துத் தகட்டின் உள்பக்கம் இழுத்துப் பார்த்தால், கண்ணாடியில் இழுத்தது போலச் சறுக்குகிறது. கடினப்படுத்திய தகடு! அரம் கடிக்காத இரும்பை உளி கடிக்காது. முதல் நாளே அரத்தை எடுத்திருந்தால் அரை நிமிட வேலை. உருக்கில் சித்திரம் முதலில், கடினப்படுத்துவது பிறகு, இந்த வரிசை மாறக் கூடாது.

இப்போது உருக்குக்கென்று ஒரு உளியைத் தனியாக, முகத்தை 55 பாகைக்குத் தீட்டி வைத்திருக்கிறேன். முனைக்குப் பின்னால் சதை கூடுவதால் அவ்வளவு சீக்கிரம் உடைவதில்லை. தள்ளுவதையும் விட்டுவிட்டேன். சின்னச் சுத்தியால் டக் டக் டக் என்று தட்டிக்கொண்டே போவதுதான். முழுத் துப்பாக்கியை வைஸில், அதாவது மேசையில் பொருத்திய இறுக்குப்பிடியில், மாட்டினால் வளைவுக்கு அதைச் சுழற்ற முடியாது இல்லையா, நாம்தான் சுற்றி நடக்க வேண்டும். ஒரு பூ முடிவதற்குள் வைஸை எத்தனை பிரதட்சிணம் வந்திருப்பேனோ.

*

முதல் பதிவு எழுதியவன்தான். கோயம்புத்தூர்த் தங்கச்சிக்கு நன்றி, மெருகை நேற்றே செய்து பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தகட்டைத் திருப்பும்போது கோடு அணைந்து அணைந்து எரிகிறது. பழைய வெட்டுகளைப் பக்கத்தில் வைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

என்ன வாங்குவது என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். செட்டு வாங்காதீர்கள். ஒரு சதுர உளி, ஒரு தட்டை உளி, தீட்டக் கல், பத்து மடங்கு லென்ஸ், இவ்வளவுதான். சதுரம் எல்லாக் கோட்டுக்கும். தட்டையை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மாற்றி மாற்றி ஆட்டிக்கொண்டே நகர்த்தினால் ஓரத்துக்கு வளைந்து வளைந்து ஒரு பார்டர் வரும். உளி ஹைஸ்பீடு ஸ்டீலாக இருக்கட்டும். கார்பைடு நாள்பட உழைக்கும், ஆனால் கொஞ்சம் நெம்பினாலும் படக்கென்று போகும், நாமோ புதிதில் நெம்பாமல் இருப்பதில்லை. பிடியையும் உங்கள் கைக்கு வெட்டிக்கொள்ளுங்கள். குமிழ் உள்ளங்கைக் குழியில் உட்கார்ந்தால், முனை கட்டைவிரல் நுனியைத் தாண்டி ஒரு விரற்கடைதான் நீள வேண்டும். என் செட்டில் வந்தது மூன்று விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. அதனால் பிரேக் போட வேண்டிய கட்டைவிரல் தகட்டைத் தொடவே இல்லை.

இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் பேட்ச் பாக்ஸ் மூடியை மேசையிலேயே வைத்து, டெய்சி முழுவதும் செதுக்கி முடித்துவிட்டு, அப்புறம் கட்டையில் பதித்தேன். மரமும் பித்தளையும் ஒரே மட்டமாக வர அரம் போட வேண்டும் அல்லவா? போட்டேன். ஆறு வார வேலையில் நாலு இதழ் பித்தளைத் தூளாகத் தரையில் கிடந்தது. இப்போது பதித்து, அரம் போட்டு, தேய்த்த பிறகுதான் பென்சிலையே எடுக்கிறேன். பித்தளையில் வெள்ளை வாட்டர்கலரை விரலால் ஒற்றிக் காயவிட்டால் பென்சில் கோடு நன்றாக நிற்கிறது.

பழகும் தகடுகளுக்கு அரக்குதான் நல்லது என்று எனக்கும் தோன்றுகிறது. இங்கே பைன் பிசின்தான் கிடைக்கிறது, குளிர்காலத்தில் வெடித்துவிடுகிறது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். தங்கச்சி, ஒரு கிலோ நல்ல அரக்கு கும்பகோணத்தில் எங்கே கிடைக்கும்? விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் அது என்ன என்று சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.