ஓவன்ல காலிபிளவர் நமுத்துப் போகுது, யாராச்சும் சொல்லுங்களேன்

வணக்கம் அக்காங்களா, நான் கோலாலம்பூர் செந்தூல்ல இருக்கேன், அம்மாவுக்கு டாக்டர் எண்ணெய் குறைக்கச் சொல்லிட்டாரு, அதனால ரசத்துக்குத் தொட்டுக்க காலிபிளவரை பொரிக்காம ஓவன்ல வச்சுப் பாக்குறேன். சௌகிட் பசார்ல வாங்குன பூவை உப்பு மஞ்சத்தண்ணில போட்டு வடிச்சு, மிளகாத்தூள் சீரகத்தூள் சோம்புத்தூள் ரெண்டு ஸ்பூன் எண்ணெய் எல்லாம் பெரட்டி 200 டிகிரில 25 நிமிஷம் வச்சேன், ஓரமெல்லாம் கருகிடுச்சு, தண்டு மட்டும் தண்ணி கோத்து நிக்குது, ட்ரேல ஒட்டுன மசாலா ஒரே கசப்பு.

ஈரத்தைத் தொடைக்காததுதான் தப்பா? நெருக்கிப் போட்டா ஆவியிலயே அவிஞ்சிடும்னு தெரியும், ஆனா என் ஓவன் ரொம்பச் சின்னது, ரெண்டு தடவையா வைக்கணுமா? மிளகாத்தூளைக் கடைசி 10 நிமிஷத்துல தூவுனா கருகாதா? கறிவேப்பில எப்ப போடுவீங்க?

வெள்ளிக்கிழமை சைவச் சாப்பாட்டுக்கு செய்யணும், அம்மா ஆசையா கேட்டாங்க.