'சிறுநீரகத் தன்னீக்கம்' பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

காசநோயால் ஒரு சிறுநீரகம் தானாகவே முற்றிலும் செயலிழந்துபோவதை ஆங்கிலத்தில் ஆட்டோநெஃப்ரெக்டமி என்கிறார்கள். அதற்குத் தாங்கள் தந்த 'சிறுநீரகத் தன்னீக்கம்' சொல்லுக்குச் சொல் சரிதான். என் சண்டை அந்த ஆங்கில மூலச்சொல்லோடுதான். காசநோய் தின்ற சிறுநீரகம் எங்கும் நீங்கிப் போவதில்லை. சிறுநீர்க்குழாய் தழும்பேறி அடைபடுகிறது. உள்ளே தயிர்க்கட்டி போன்ற சிதைவு தேங்கி, நாளடைவில் அதன்மேல் சுண்ணாம்பு படிகிறது. முற்றிய நிலையில் எக்ஸ்ரே எடுத்தால் சிறுநீரகத்தின் வடிவம் அப்படியே வெள்ளை வெளேரென்று தெரியும். சுவரில் வண்ணம் பூசுவதற்கு முன் அப்பும் பட்டியோடு (putty) ஒப்பிட்டு மருத்துவர்கள் 'பட்டி சிறுநீரகம்' (putty kidney) என்று பெயர் வைத்திருப்பது இதற்குத்தான். உறுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது, வேலைதான் நின்றுவிட்டது.

குழாய் அடைபட்டதால் சிறுநீரில் கிருமி தென்படாமலே போகலாம். ஆனால் உள்ளே அது உயிரோடு இருக்கக்கூடும். சீழ், ஓயாத வலி, அடங்காத இரத்த அழுத்தம் என்று தொல்லை கொடுத்தால் அறுவை மருத்துவர் அந்தச் சிறுநீரகத்தை எடுத்துவிடுகிறார். அதையும் உடனே செய்வதில்லை. காசநோய் மருந்து தொடங்கி 4 முதல் 6 வாரமாவது கழியவேண்டும். நெஃப்ரெக்டமியைச் 'சிறுநீரக நீக்கம்' என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். இனி, 'தன்னீக்கம் அடைந்த சிறுநீரகம் நீக்கப்பட்டது' என்று நோயாளியின் தாளில் எழுதிப் பாருங்கள். நீங்கியதை எப்படி ஐயா நீக்கினீர்கள் என்று அவர் வீட்டார் கேட்கமாட்டார்களா?

என் பரிந்துரை 'சிறுநீரக அவிவு'. விளக்கு அவிந்தது, கண் அவிந்தது என்கிறோம். கண் அவிந்தவருக்கு விழி இருக்கிறது, பார்வை இல்லை. இங்கேயும் அதே கதைதான். 'தன்' என்ற முன்னொட்டும் தேவையில்லை: தானே நடந்தால் அவிதல், பிறர் செய்தால் அவித்தல். அவித்த முட்டை நினைவுக்கு வருகிறதே என்று சிலர் சிரிக்கக்கூடும்; சிரிக்கட்டும், நான்கு முறை எழுதினால் பழகிவிடும்.

இதே காசநோயால் தையற்காரரின் விரலுறை அளவுக்குச் சுருங்கிய சிறுநீர்ப்பைக்குத் தாங்கள் சொன்ன 'விரலுறைப் பை' அருமை, மறுப்பே இல்லை. ஆனால் குடல் துண்டைத் தைத்து அந்தப் பையைப் பெரிதாக்கும் அறுவைக்குச் 'சிறுநீர்ப்பைப் பெருக்கம்' வேண்டாம். வீக்கம் என்றே படிப்பார்கள். 'குடலொட்டு விரிவாக்கம்' என்று வைத்துக்கொள்ளலாமா?