தண்டில் பள்ளம் இல்லையென்றால் அது எம்-22 ஆகிவிடுமா?

பழைய இரும்பு:
1969-ஆம் ஆண்டுக் கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் கியர்பாக்ஸ் படத்தைப் போட்டு, "இன்புட் ஷாஃப்டில், அதாவது எஞ்சினின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவரும் தண்டில், பள்ளம் இல்லை, ஆகவே இது எம்-22, ஆகவே இந்த வண்டி ஆலையிலிருந்தே எம்-22 உடன் வந்தது" என்று நண்பர் நான்காம் கியர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அந்த மாடல் ஆண்டில் செவர்லே செய்த 38,762 கார்வெட்டுகளில், கையால் மாற்றும் நான்கு வேகக் கியர்பெட்டியின் மூன்று வகைகளில், 16,507 வண்டிகளுக்கு எம்-20, 13,741 வண்டிகளுக்கு எம்-21, வெறும் 101 வண்டிகளுக்கு மட்டுமே எம்-22. இன்று எம்-22 என்று சொல்லி விற்பனைக்கு வருகிறவற்றைப் பார்த்தால், அந்த 101 வண்டிகளும் இத்தனை ஆண்டுகளில் குட்டி போட்டிருக்கின்றன என்றே கருத வேண்டியுள்ளது.

நான்காம் கியர்:
தூக்கம் வராதவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும், என்னை அல்ல. இந்தியானா மாநிலத்து மன்சி ஆலையில் செய்த நான்கு வேகப் பெட்டிகளில், 1966 முதல் எம்-20 தண்டுக்கு இரண்டு பள்ளம், எம்-21 தண்டுக்கு ஒரு பள்ளம், எம்-22 தண்டுக்குப் பள்ளமே கிடையாது. என் படத்தில் உள்ள தண்டில் பள்ளம் இல்லை. இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

திண்ணைவாசி:
சண்டைக்கு முன் ஒரு தெளிவு வேண்டும். எம்-22 என்று நீங்கள் இருவரும் சொல்வது ஒரே பொருளையா? வண்டியை வாங்கியவர் படிவத்தில் கேட்டுப் பெற்ற விருப்பத்தேர்வின் குறியீடு ஒன்று. பெட்டிக்குள் இப்போது இருக்கும் பல்சக்கரங்களின் வகை வேறொன்று. முதலாவது அந்த வண்டியின் பிறப்பைப் பற்றியது, இரண்டாவது இன்று அதன் வயிற்றில் இருப்பதைப் பற்றியது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

பழைய இரும்பு:
பள்ளம் இல்லை, பள்ளம் இல்லை என்று கிளிப்பிள்ளை போலச் சொல்கிறீர்கள். கழற்றி மாற்றக்கூடிய ஒரு தண்டை வைத்துக்கொண்டு பெட்டி முழுவதற்கும் பெயர் சூட்ட முடியாது. எம்-22 பல்சக்கரங்களின் பற்கள் ஏறக்குறைய 20 பாகைச் சாய்வில் வெட்டப்பட்டவை. எம்-21 பற்களின் சாய்வு 34 பாகையை ஒட்டியது. சாய்வு குறையும்போது அச்சுவாட்டில் தள்ளும் விசையும் சூடும் குறைகின்றன, இரைச்சல் கூடுகிறது. எம்-22-க்கு ராக் கிரஷர், அதாவது கல் நொறுக்கி, என்ற பட்டப்பெயர் அந்த இரைச்சலால் வந்தது, பள்ளம் இல்லாததால் வந்ததன்று. பக்க மூடியைக் கழற்றிப் பற்களைப் படம் எடுத்துப் போடுங்கள்.

கரிப்புகை:
மூடியைக் கழற்றும் தொல்லை எதற்கு? முதல் கியரில் போட்டு, வெளித்தண்டு ஒரு சுற்று வருவதற்குள் உள்தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். 2.20 வந்தால் எம்-22.

பழைய இரும்பு:
அரிய கண்டுபிடிப்பு. எம்-21 பெட்டியின் முதல் கியரும் அதே 2.20 தான் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும். 2.52 வந்தால் அது எம்-20 என்று ஒதுக்கிவிடலாம். அதற்கு மேல் இந்த எண்ணிக்கை பயன்படாது.

நான்காம் கியர்:
கரிப்புகையை விரட்டிவிட்டு என்னை வென்றதாகக் கொண்டாட வேண்டாம். பெட்டியின் மேல் பொறித்திருப்பதையும் எழுதுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: பி, 9, ஏ, 15, சி. முதல் எழுத்து மன்சி ஆலை, அடுத்தது 1969 மாடல் ஆண்டு, பிறகு ஜனவரி மாதம், 15-ஆம் தேதி. கடைசி எழுத்து எம்-22. தண்டிலும் பள்ளம் இல்லை.

கரிப்புகை:
'பி' என்றால் எம்-21 என்று அல்லவா இதே இடத்தில் முன்பு படித்தேன்? இப்போது அது மன்சி ஆலையாகிவிட்டதா?

நான்காம் கியர்:
ஐயா, ஆங்கிலத்தில் முன்னால் வருவது வேறு எழுத்து, எம்-21 பெட்டியில் கடைசியாக வருவது வேறு எழுத்து. தமிழில் இரண்டையும் 'பி' என்றே எழுத வேண்டியிருப்பது என் குற்றம் அன்று. தொல்காப்பியரிடம் முறையிடுங்கள்.

பழைய இரும்பு:
தொல்காப்பியரை விடுங்கள். ஆலை எழுத்தும் தேதியும் பெட்டி பிறந்த கதையைச் சொல்லும். அது எந்த வண்டிக்குள் போனது என்பதைச் சொல்லாது. அதே பெட்டியில் வண்டியின் வரிசை எண்ணைச் சுருக்கித் தனியாகப் பொறித்திருப்பார்கள். செயிண்ட் லூயிஸ் ஆலையில் பூட்டிய கார்வெட் என்றால் அதில் 'எஸ்' என்ற எழுத்து இருக்கும். அந்த எண்ணை ஏன் எழுதவில்லை? பெட்ரோல் தொட்டியின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் விருப்பத்தேர்வுத் தாளை ஏன் காட்டவில்லை?

நான்காம் கியர்:
ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தொட்டியின் மேல் கிடந்த காகிதம் மட்கிப்போகாமல் உங்களுக்காகக் காத்திருக்குமா? சென்ற ஆண்டு எல்-88 எஞ்சின் பற்றிய பேச்சிலும் இதே காகிதத்தைக் கேட்டுத்தான் என்னை அவமானப்படுத்தப் பார்த்தீர்கள். அன்று, எல்-88 வண்டிக்கு ஆட்டோமேட்டிக் கியர் கிடையாது என்று நீங்கள் அடித்துச் சொன்னதையும், எம்-40 ஆட்டோமேட்டிக்கையும் கேட்டுப் பெற முடிந்தது என்று நான் காட்டியதும் நீங்கள் ஒரு வாரம் இந்தப் பக்கம் வராததையும் இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. தண்டில் பள்ளம் இல்லை.

பழைய இரும்பு:
அந்த வாரம் நான் ஊரில் இல்லை. வரிசை எண்ணைக் கேட்டேன், பழங்கதை வருகிறது.

திண்ணைவாசி:
மறுபடியும் கேட்கிறேன். கடைசி எழுத்து 'சி' என்பதால் பெட்டி எம்-22 ஆகப் பிறந்தது என்று வைத்துக்கொண்டாலும், வண்டி எம்-22 ஆகப் பிறந்தது என்பது அதிலிருந்து எப்படி வரும்? உங்களில் ஒருவர் பெட்டியையும் மற்றவர் வண்டியையும் பேசுவதாகவே எனக்குப் படுகிறது.

நான்காம் கியர்:
திண்ணையில் அமர்ந்து தத்துவம் பேசுகிறவர்கள் ஒரு முறையாவது அந்தப் பெட்டியைச் சட்டத்திலிருந்து இறக்கிப் பார்த்திருக்கிறார்களா? அலுமினியக் கூடுதானே என்று நினைப்பவர் அதை மல்லாந்து படுத்துக்கொண்டு நெஞ்சில் தாங்கிப் பார்க்க வேண்டும். நான் இறக்கியிருக்கிறேன். இறக்கியதால்தான் தண்டு தெரிகிறது, தெரிவதால்தான் பள்ளம் இல்லை என்கிறேன்.

கரிப்புகை:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்டு முழுவதும் கிரீஸ் அப்பியிருக்கிறதே. ஒரு பள்ளம் இருந்தால்கூட அந்தக் கிரீஸ் மூடியிருக்காதா?

பழைய இரும்பு:
கரிப்புகை இன்று சொன்னவற்றில் இது ஒன்றுதான் உருப்படி. துடைத்துவிட்டு இன்னொரு படம் போடுங்கள், பார்க்கலாம்.

நான்காம் கியர்:
துடைக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. பள்ளம் இருக்கிறது என்று சொல்பவர் அதைப் படத்தில் வட்டமிட்டுக் காட்டட்டும்.

பழைய இரும்பு:
பள்ளம் இருக்கிறது என்று நான் எங்கே சொன்னேன்? வரிசை எண் எங்கே என்றுதான் கேட்டேன்.

நான்காம் கியர்:
அப்படியானால் பள்ளம் இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நன்றி.

பழைய இரும்பு:
ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. துடையுங்கள்.