‘ஆல்வேஸ்’ எங்கே வர வேண்டும்?

கேள்வி: ‘ஷி ஆல்வேஸ் கம்ஸ் லேட்’ என்பதில் வினைக்கு முன் வரும் ‘ஆல்வேஸ்’, ‘ஷி இஸ் ஆல்வேஸ் லேட்’ என்பதில் மட்டும் ஏன் பின்னால் போகிறது?

பதில் 1: முதன்மை வினைக்கு முன், ‘ஆம், இஸ், ஆர்’ ஆகியவற்றுக்குப் பின் என்பதே பொதுவிதி. துணைவினை இருந்தால், ‘ஐ ஹேவ் நெவர் சீன் இட்’ என்பதுபோல் இரண்டுக்கும் நடுவில் வரும்.

பதில் 2: சரியான விளக்கம். ஆனால், என் பார்வையில் இடத்தைவிட ‘நெவர்’தான் பெரிய சிக்கல், தமிழில் ‘ஒருபோதும் போவதில்லை’ என்று வினையும் எதிர்மறையாகவே அமைவதால், நம்மில் பலர் ‘ஐ டோன்ட் நெவர் கோ’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘ஐ நெவர் கோ’ என்பதே போதும்.

பதில் 3: ‘ட்வைஸ் எ வீக்’ போன்ற தொடர்களை நடுவில் செருகாதீர்கள்; அவை பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில்தான் வரும்.