ஜாக் பிராபம் ஓட்டுநர் மட்டும்தானா, வடிவமைப்பாளரும் அவரா?

கேள்வி:
வணக்கம். ஆஸ்திரேலியரான ஜாக் பிராபம், தன் பெயர் தாங்கிய காரையே ஓட்டி 1966-இல் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் ஆனார். ஆனால் அவருடைய கார்களின் பெயரில் வரும் 'பிடி' என்ற எழுத்துகள் பிராபம், டாரனாக் என்ற இருவரையும் குறிக்கின்றன. வரைபடங்களைப் போட்டவர் பொறியாளர் ரான் டாரனாக் என்னும்போது, பிராபமை வடிவமைப்பாளர் என்று சொல்வது பொருந்துமா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதல் பதில்:
பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். போர்க்காலத்தில் விமானப்படை மெக்கானிக்காக இருந்த அவர், பின்னர் சிட்னியில் சொந்தப் பட்டறை வைத்து, நண்பர் ஓட்டுவதற்காக மண்தடப் பந்தயக் கார் ஒன்றைக் கட்டினார். நண்பர் விலகிய பிறகே தாமாக ஓட்டத் தொடங்கினார். 1955-இல் இங்கிலாந்துக்குப் போனதும் கூப்பர் நிறுவனத்தின் பட்டறையிலேயே, ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சின் வைத்த காரைத் தம் கையாலேயே உருவாக்கி, அதே ஆண்டு பிரிட்டிஷ் கிராண்ட் பிரி என்ற ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டினார். 1960-இன் தொடக்கத்தில் போட்டி நிறுவனமான லோட்டஸின் புதிய கார் வேகமாக இருப்பதைக் கண்டு, தாழ்வான புதிய கூப்பர் வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் அவரே முதன்மையானவர். அந்தக் காரில் அவர் தொடர்ந்து ஐந்து கிராண்ட் பிரிகளை வென்றார்.

இரண்டாம் பதில்:
நான் வெல்டிங் பட்டறை நடத்துபவன் என்பதால் சேசிஸை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, பற்றி மட்டும் சொல்கிறேன். லோட்டஸ் 1962-லேயே தகட்டுக்கூடு (உலோகத் தகடுகளால் ஆன கூடே சட்டமாகும் மோனோகாக்) அமைப்புக்கு மாறிவிட்டபோதும், 1966-இல் பட்டம் வென்ற பிடி19 இரும்புக் குழாய்களை இணைத்த சட்டமாகவே இருந்தது. அதைப் பழமை என்று தள்ளிவிட முடியாது. குழாய் வளைந்தால் அந்தத் துண்டை மட்டும் அறுத்தெடுத்து, புதிய துண்டை வைத்துப் பற்றவைத்து, மறுநாளே வண்டியை ஓடவிடலாம். தகட்டுக்கூடு நசுங்கினால் அது எளிதில் ஆகாது. பிறருக்கும் பந்தயக் கார் விற்ற பிராபம் நிறுவனத்துக்கு இது பெரிய வசதி. ஆனால் ஐயா, இந்தச் சிந்தனையின் பெரும்பங்கு டாரனாக்குக்கே உரியது. அதைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது.

மூன்றாம் பதில்:
எஞ்சினையும் சேர்த்துப் பாருங்கள். 1966-இல் விதிப்படி எஞ்சின் கொள்ளளவின் வரம்பு 1.5 லிட்டரிலிருந்து 3 லிட்டராக உயர்ந்தபோது மற்றவர்கள் சிக்கலான எஞ்சின்களுக்கு முயன்று தடுமாற, பிராபம் தம் நாட்டின் ரெப்கோ நிறுவனத்தை அணுகினார். ஓல்ட்ஸ்மொபைல் காரின் அலுமினிய பிளாக்கிலிருந்து (எஞ்சினின் உடற்பகுதியிலிருந்து) பிறந்த, எட்டு சிலிண்டர் கொண்ட அந்த வி8 எஞ்சின், திறனில் ஃபெராரிக்குக் குறைந்ததுதான். ஆனால் எடை குறைவு, எரிபொருள் செலவும் குறைவு. எந்த எஞ்சின் வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும் வடிவமைப்புதானே? பிரான்சின் ரைம்ஸில் தொடங்கி நான்கு பந்தயங்களைத் தொடர்ந்து வென்றார். வயது நாற்பதாகிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதியதற்காக, நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில் பொய்த்தாடி ஒட்டி, கையில் தடியூன்றித் தளர்நடையில் காரை நோக்கி வந்தார். பிறகு தாடியைக் கழற்றிவிட்டு ஏறி அமர்ந்து, அந்தப் பந்தயத்தையும் வென்றார்.